நகை வேலை கத்துக்கணும்னா எங்க போறது: ஆசாரி பட்டறையா, சேலமா, பெங்களூர் கிளாஸா, வீட்லயேவா?

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துல இருந்து இப்ப நெறைய பேர் இதத்தான் கேக்குறாங்க. "அக்கா, நானே டிசைன் பண்ணி வெள்ளில நகை செய்யணும், எங்க போய் கத்துக்கறது?" கேக்குறவங்க பெரும்பாலும் காலேஜ் முடிச்ச பொண்ணுங்க, கொழந்த ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்ச அம்மாக்கள், ஐடி வேலைல இருந்து ஊருக்குத் திரும்பி வந்த பசங்க. எல்லாரும் போன்ல ஏதோ ஒரு ரீல்ஸ் பாத்துட்டு ஆசை வந்தவங்கதான், அதுல ஒண்ணும் தப்பில்ல, ஆசை எங்கிருந்து வந்தா என்ன. ஆனா உடனே பத்தாயிரம் இருபதாயிரம் போட்டு ஒரு கிளாஸ்ல சேந்துடறாங்க, இல்லன்னா ஆன்லைன்ல டூல் கிட் வாங்கிடறாங்க, நாலு மாசம் கழிச்சு அது அலமாரி மேல இருக்கு. அதனால ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல ஒண்ணு. நகை வேலைல அறுக்கறது, அராவுறது, வளைக்கறது, சுத்தியல் போடறது எல்லாமே மெதுவா, திருப்பித் திருப்பி செஞ்சு கைக்கு வந்துடும், தப்பானா இன்னொரு துண்டு எடுத்துக்கலாம். நெருப்பு வேலை அப்படி இல்ல. பொடின்னா ரெண்டு துண்ட ஒட்டறதுக்கு நடுவுல வைக்கிற, சீக்கிரம் உருகுற உலோகத் துண்டு. அத வச்சு நெருப்ப ஊதி ஒட்டறதத்தான் பத்த வைக்கறதும்பாங்க, அந்த வேலைல எல்லாம் நடக்கறது கடைசி ரெண்டு மூணு செகண்டுல. சுத்த வெள்ளி 961 டிகிரில உருகும், ஆனா நாம வேலை செய்யற 925 வெள்ளில நூத்துக்கு 7.5 பங்கு செம்பு கலந்துருக்கறதால அது 800 டிகிரி தாண்டினதுமே எளக ஆரம்பிச்சுடும். பொடிலயே அதிகச் சூட்டுல உருகுற ஹார்டு வகை ஓடறதுக்கே கிட்டத்தட்ட அந்தச் சூடு வேணும். அதாவது ஒட்டுறதுக்கும் நகையே சரிஞ்சு உருண்டையாப் போறதுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. அந்த இடைவெளிய தெர்மாமீட்டர் வச்சுப் பிடிக்க முடியாது, வெள்ளியோட நெறத்தப் பாத்துதான் பிடிக்கணும், அந்த நெறம் வீடியோல தெரியாது, கேமரா அத வேற மாதிரி காட்டும். அதனால என் கருத்து இதுதான்: எந்த வழிய எடுத்தாலும், நீங்க ஊதும்போது உங்க தோளுக்குப் பக்கத்துல நின்னு "இப்ப எடு"ன்னு சொல்ல ஒரு ஆள் எங்க கிடைக்கும்னு பாருங்க. மத்த எல்லாத்தையும் அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.

ஆசாரி பட்டறை

நம்ம ஊர்ல கடைவீதிக்குப் பின்னாடி சந்துல இன்னமும் ரெண்டு மூணு பட்டறை இருக்கும், தருமபுரின்னாலும் கிருஷ்ணகிரின்னாலும், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, அரூர் மாதிரி சின்ன ஊர்னாலும். முன்ன மாதிரி முழு நகை செய்யற ஆர்டர் இல்ல, பெரிய கடைங்க வந்ததும் ஜனங்க ரெடிமேட் பக்கம் போயிட்டாங்க, இப்ப ஆசாரிங்க கைல இருக்கறது அறுந்த செயின் பத்த வைக்கிறது, கம்மலுக்குத் திருகு போடறது, தாலி உருப்படி கோக்கறது, கொழந்தைக்குக் காது குத்தறது, இந்த மாதிரி. ஆனா கத்துக்க வர்றவங்களுக்கு இந்த ரிப்பேர் வேலைதான் பெரிய பாடம்னு நான் சொல்வேன், ஏன்னா ஒவ்வொரு ரிப்பேரும் ஒவ்வொரு மாதிரி உடைஞ்சு வரும், கல்லுக்குப் பக்கத்துல சூடு போகாம ஊதணும், பழைய ஒட்டு விட்டுடாம புது ஒட்டு போடணும், எந்த கிளாஸ்லயும் இதுக்குன்னு பாடம் வைக்க மாட்டாங்க.

நான் பாத்து வளந்த வேலைய அப்படியே சொல்றேன். மோதிரத்தோட ரெண்டு முனையையும் அராவி, வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சா நடுவுல ஒரு கோடு வெளிச்சம் கூட வரக்கூடாது, வந்தா திரும்ப அரம். பொடி ஓட்டைய அடைக்காது, ஒட்டிக்கிட்டு இருக்கறதத்தான் சேக்கும். அப்புறம் வெங்காரத்த (போராக்ஸ்) ஒரு கல்லுல தண்ணி விட்டு ஒரைச்சு பால் மாதிரி எடுத்து பிரஷ்ல தடவறது. சூடு காட்டினதும் வெங்காரம் வெள்ளையா பொங்கும், பொங்கும்போது பொடித் துண்ட தள்ளி விட்டுடும், சாமணத்தால (சின்ன இடுக்கி) நகத்தித் திரும்ப வைக்கணும். கொஞ்ச நேரத்துல பொங்கினது அடங்கி, கண்ணாடி மாதிரி தெளிஞ்சு வெள்ளி மேல படியும். அப்பத்தான் சூடு நெருங்கிடுச்சுன்னு அர்த்தம். புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் பொடி மேலயே நெருப்பக் காட்டுவாங்க, பொடி உருண்டையா சுருண்டு அங்கயே நிக்கும், ஒட்டாது. எனக்குச் சொல்லிக் குடுத்த ஆசாரி சொல்லுவாரு, "ஏம்மா, பொடியப் பாக்காத, வெள்ளியப் பாரு"ன்னு. வெள்ளி முழுசும் ஒரே சீரா மங்கலான செவப்புக்கு வந்துடணும், பொடி சூடு இருக்கற பக்கம்தான் ஓடும், சந்துல ஒரு பளிச்சுன்னு கோடு ஓடும் பாருங்க, அந்தச் செகண்டுல நெருப்ப எடுத்துடணும். எல்லா உலோகத்துலயும் சூட்ட ரொம்ப வேகமா கடத்தறது வெள்ளிதான், அதனால ஒரு மூலைய மட்டும் சூடு பண்ணலாம்னு நெனச்சா நடக்காது, மொத்தப் பொருளையும் சேத்துதான் ஏத்தணும். தங்கம் செஞ்சு பழகின ஆசாரிக்கே வெள்ளிக்கு வந்தா கை கொஞ்சம் மாத்திக்கணும்.

பொடியக் கூட அவரே செஞ்சுக்குவாரு. வெள்ளியோட பித்தளைய அளவா சேத்து மூசைல (உலோகம் உருக்கற சின்னக் கிண்ணம்) உருக்கி, தகடா தட்டி, பொடிப்பொடியா வெட்டி டப்பால வச்சுக்குவாரு. பித்தளைல இருக்கற துத்தநாகம்தான் உருகுற சூட்ட எறக்குது. கடைல ஹார்டு, மீடியம், ஈஸின்னு மூணு வகை வாங்கிக்கலாம், ஒரே நகைல நாலு ஒட்டு இருந்தா ஹார்டுல ஆரம்பிச்சு ஈஸில முடிக்கணும், இல்லன்னா கடைசி ஒட்டு போடும்போது முதல் ஒட்டு விட்டுடும்.

இப்ப கஷ்டங்கள். ஆசாரி வேலை அப்பாகிட்ட இருந்து புள்ளைக்குன்னு வந்த வேலை, வெளியாளுக்கு, அதுலயும் பொம்பளைக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. மெனக்கெட்டு நாலு எடத்துல கேக்கணும். வயசானவரா, புள்ளைங்க வேற வேலைக்குப் போயிட்டவரா இருந்தா ஒத்துக்க வாய்ப்பு அதிகம், பட்டறைல யாராவது வந்து உக்காந்து கேள்வி கேட்டா அவங்களுக்கும் ஒரு சந்தோஷம்தான். தங்கத்த கைல குடுக்க மாட்டாங்க, அது நியாயம்தான், அராவுற தூள் கூட கணக்குல வரும், செம்பு தகடும் வெள்ளியும் நீங்களே கொண்டு போகணும். கத்துக்குடுக்கறதுன்னா உக்கார வச்சு விளக்கம் சொல்ல மாட்டாங்க, பாத்துக் கத்துக்கணும், டிசைன்னு பேசினா "இது எதுக்கும்மா, யாரு போடுவா"ம்பாங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கற விஷயம் காத்து. நெறைய பட்டறைல ஜன்னலே இருக்காது, திராவகம் தொறந்தே இருக்கும், கண்ணாடி போட மாட்டாங்க. கேடிஎம் பொடின்னு சொல்றதுல இருக்கற கேட்மியம் புகை நுரையீரலுக்கு ஆபத்து, அத உபயோகிக்கற எடமா இருந்தா எவ்வளவு நல்ல ஆசாரியா இருந்தாலும் அந்த வேலைக்குப் பக்கத்துல உக்காராதீங்க, மொதல் நாளே கேட்டுருங்க.

சேலம்

தருமபுரில இருந்து தொப்பூர் எறங்கினா சேலம், வெள்ளிக் கொலுசுக்கு நாட்டுக்கே பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு வேலை நடக்கும், பொம்பளைங்க நெறைய பேர் வேலை செய்வாங்க, அதனால தயக்கம் இல்லாம உள்ள போகலாம். ஆனா அங்க வேலை பிரிஞ்சு கிடக்கு. ஒரு வீட்ல கம்பி இழுப்பாங்க, ஒரு வீட்ல வளையம் கோத்துப் பத்த வைப்பாங்க, சலங்கை ஒருத்தர், மெருகு ஒருத்தர். ஒரு வேலைல கை அவ்வளவு வேகமா வந்துடும், நாள் முழுக்க வரிசையா வளையம் ஊதினா சூடு கண்ணுல பதிஞ்சுடும். ஆனா முழு நகை ஒண்ணு ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் உங்க கையால போகாது. கொலுசு வியாபாரம் பண்ணணும்னா இதுக்கு மேல ஒரு எடம் இல்ல. நானே டிசைன் பண்ணணும்கறவங்களுக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் பழக மட்டும் நல்லது. தகடு, கம்பி, பொடி வாங்கறதுக்கு எப்படியும் சேலம் போய்த்தான் ஆகணும்.

பெங்களூர் கிளாஸ்

கிருஷ்ணகிரில ரயில் கெடையாது, பஸ்தான், ஓசூர் தாண்டி பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன் வரதுக்குள்ள பாதி தெம்பு போயிடும். தருமபுரிக்காரங்களுக்கு ஓசூர் வழியா ரயில் இருக்கு, நேரம் ஒத்து வந்தா அது நல்லது. ஓசூர்க்காரங்களுக்கு மட்டும்தான் இது நெசமாவே பக்கம்.

அங்க கிடைக்கறது என்னன்னா, முதல்ல ஒழுங்கு. ஆளுக்கொரு பெஞ்சு, நல்ல வெளிச்சம், கண்ணாடி, புகை போக வழி. ஆசாரி பட்டறைல அதிகமா பாக்க முடியாத ரம்ப வேலை, அதாவது முடி மாதிரி மெல்லிசு பிளேடுல தகட்டுக்குள்ள டிசைன் அறுக்கறது, அத அங்க அழகா சொல்லித் தருவாங்க. ரோலிங் மில்லுல, அதாவது ரெண்டு உருளைக்கு நடுவுல தகட்ட அழுத்தற மெஷின்ல, எலையையோ துணியையோ வச்சு அழுத்தி தகட்டுல பதிய வைக்கறது, ஒழுங்கில்லாத கல்லச் சுத்தி தகட்டு வேலி கட்டி உக்கார வைக்கறது, இதெல்லாம் புது நகைக்கு ரொம்ப வேணும். நம்ம பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைல தூக்கிப் போடற கறுப்புத் துண்ட அறுத்துத் தேச்சு வெள்ளில பதிச்சுப் பாத்தா தெரியும், அந்தக் கறுப்புக்குப் பக்கத்துல வெள்ளி எப்படி நிக்குதுன்னு, அதுக்கு விலை குடுத்து வைரம் வாங்க வேண்டியதில்ல.

ரெண்டாவது, நகைன்னா என்னன்னு யோசிக்க வைப்பாங்க. நம்ம வீட்ல நகைன்னா எத்தன பவுன்னுதான் கேள்வி, அடகுக்கு எவ்வளவு வரும்னு. 1980ல ஓட்டோ க்யூன்ஸ்லின்னு சுவிஸ் கலைஞர் ஒருத்தர் கறுப்பு ரப்பர் வளையலுக்குள்ள ஒரு தங்க உருண்டைய வச்சு மூடிட்டாரு. வெளிய புடைச்சுகிட்டு இருக்கும், தங்கம் தெரியாது, உள்ள இருக்குன்னு நம்பத்தான் முடியும், பாக்கணும்னா வளையல கிழிக்கணும். தங்கத்த நாம எதுக்குப் போடறோம்ங்கற கேள்விய இத விட நேரா யாரும் கேட்டதா எனக்குத் தெரியல. நம்ம மெட்ராஸ்லயே பி.வி. ஜானகிராம் கோயில் கவசம் செய்யற தகட்டு வேலை மொறைய எடுத்துகிட்டு செம்புத் தகட்டுல முழுக்க புதுசா சிற்பம் செஞ்சாரு. பழைய கை, புது மனசு, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியும்னு காட்டினவரு. இந்தப் பேச்செல்லாம் ஆசாரி பட்டறைல கிடைக்காது.

குறை என்னன்னா, வார இறுதி ஒர்க்‌ஷாப்புல தகடு வெட்டித் தயாரா இருக்கும், பொடி அளவா இருக்கும், டீச்சர் பக்கத்துல நின்னு கடைசி நெருப்ப அவங்களே காட்டிடுவாங்க, சாயங்காலம் மோதிரம் போட்டுகிட்டு சந்தோஷமா பஸ் ஏறிடலாம். வீட்டுக்கு வந்தா பெஞ்சும் இல்ல, டார்ச்சும் இல்ல, கை அத மறந்துடும். ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்ப விட, வாரா வாரம் போய் சில மாசம் நடக்கற கோர்ஸுக்குத்தான் காசு குடுக்கலாம், அதுவும் கோர்ஸ் நேரத்துக்கு வெளிய பெஞ்சு உபயோகிக்க விடறாங்களான்னு கேட்டுட்டு.

வீட்லயே

நெருப்பில்லாம ஆரம்பிக்கறதா இருந்தா வீடு போதும், இத நான் மனசாரச் சொல்றேன். அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் வாழ்நாள்ல 1,800 நகை வரைக்கும் செஞ்சாரு, பெரும்பாலும் பத்த வைக்காமலேதான், பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியலால தட்டி, சுருட்டி, ஒண்ணோட ஒண்ணு மாட்டி, ரிவிட் அடிச்சு. ஒரு சுத்தியல், ஒரு சின்ன பட்டடை, ரெண்டு குறடு, அரம், செம்புக் கம்பி இருந்தா நாளைக்கே உக்காரலாம். வெள்ளி கிலோ லட்சத்தத் தாண்டிப் போயிட்ட காலத்துல செம்புல பழகறதுதான் புத்திசாலித்தனம். கம்பிய தட்டத் தட்ட விறைச்சுக்கும், அதுக்கு மேல தட்டினா விரிசல் விடும், அந்த விறைப்பு கைக்குத் தெரிய ஆரம்பிச்சாலே உலோகம் பாதி புரிஞ்ச மாதிரி.

ஆனா டார்ச் வாங்கி வீட்லயே வீடியோ பாத்து ஊதக் கத்துக்கறேன்னா, நான் வேணாம்னுதான் சொல்வேன். வாடகை வீடு, பக்கத்துலயே சமையல் சிலிண்டர், கொழந்தைங்க நடமாட்டம். நம்ம பக்கம் நெறைய வீட்ல சமையல் மேடை கிரானைட், அது மேல நேரா டார்ச் காட்டினா கல்லு படக்குன்னு வெடிச்சுச் சிதறலாம். ஆசாரிகிட்டயோ கிளாஸ்லயோ நெருப்பு பழகினதுக்கு அப்புறம் மொட்டை மாடில, காத்து அடிக்காத, வெயில் நேரா விழாத மூலைல, சூடு தாங்கற சூளைச் செங்கல் அடுக்கி செய்யலாம். வெயில் வேணாம்கறதுக்குக் காரணம் அந்த மங்கலான செவப்பு வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது. செம்பு மேல வெள்ளி வச்சு ஒட்டறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும்: தனித்தனியா செம்பு 1085, வெள்ளி 961னு இருந்தாலும் ரெண்டும் தொட்டுக்கற எடத்துல கலந்து 779 டிகிரிலயே உருகிடும், பொடி ஓடறதுக்குள்ள வெள்ளி செம்புக்குள்ள எறங்கிடும்.

ஊதினதுக்கு அப்புறம் கறுப்பு போக திராவகம் வாங்காதீங்க. படிகாரத்தப் போட்டு சூடு பண்ணின தண்ணி போதும், எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் ஆசிட்) வேலை செய்யும், கொஞ்சம் நேரம் ஆகும் அவ்வளவுதான். அதுக்குள்ள இரும்புச் சாமணம் மட்டும் விட்டுடாதீங்க, தண்ணில எறங்கியிருக்கற செம்பு வந்து வெள்ளி மேல படிஞ்சு மொத்தமும் ரோஸ் கலர்ல வெளிய வரும். மூங்கில் குச்சியோ செம்புச் சாமணமோ வச்சுக்கோங்க.

கம்ப்யூட்டர் டிசைனும் ஃபேக்டரியும்

ஓசூர்ல டைட்டனோட நகை ஆலை இருக்கறதால, கேட் (CAD), அதாவது கம்ப்யூட்டர்ல நகை வரையற டிசைன் படிச்சா வேலைன்னு நெறைய பேர் சொல்றாங்க. மாசச் சம்பளம் வேணும்னா யோசிக்க வேண்டிய வழிதான், கேவலமா பேச ஒண்ணும் இல்ல. ஆனா அது வேற தொழில். ஸ்கிரீன்ல வரைஞ்சு, மெழுகுல பிரிண்ட் எடுத்து, வார்த்து எடுக்கறது. கையால செய்யணும்னு வந்தவங்க இதுல ஆரம்பிச்சா தகட்டோட கனம், ஒட்டு எங்க வரும், எந்த எடம் ஒடியும்னு எதுவும் தெரியாம அழகா மட்டும் வரைவாங்க. கை வேலை கத்துகிட்டவங்க பின்னாடி கேட் கத்துகிட்டா ரெண்டும் கைகுடுக்கும், அந்த வரிசைல போங்க.

அப்ப எதுதான்

நானே டிசைன் பண்ணி வெள்ளில வேலை செய்யணும்கறவங்களுக்கு என் பதில் தெளிவு: முதல்ல வீட்ல செம்புக் கம்பி, கூடவே ஊர்ல காத்தோட்டமா பட்டறை வச்சுருக்கற ஒரு ஆசாரிகிட்ட நெருப்பு, மோதிரம் செயின் எல்லாம் ஆளில்லாம ஊத வந்ததுக்கு அப்புறம் பெங்களூர்ல ரம்பமும் கல் பதிக்கறதும். இந்த வரிசைல போனவங்க பெங்களூர் காசுக்கு முழு மதிப்பு எடுக்கறாங்க, ஏன்னா கிளாஸ் நேரம் ஒட்டு விடறதுலயும் உருகறதுலயும் வீணாகறதில்ல. ஆசாரிக்குக் காசு குடுங்க, தயவு செஞ்சு. சும்மா உக்காந்து பாத்துக்கறேன்னு போகாதீங்க, அவரோட நேரம்தான் அவரோட கூலி. கிளாஸுக்குன்னா யோசிக்காம ஆயிரக்கணக்குல குடுக்கறோம், அம்பது வருஷம் ஊதின கைக்குக் குடுக்க ஏன் தயங்கணும்.

ஓசூர்ல இருக்கறவங்க, ஊர்ல எந்த ஆசாரியும் ஒத்துக்கலன்னு ஆனவங்க, புகை ஒத்துக்காதவங்க நேரா பெங்களூர் வாராந்திர கோர்ஸுக்குப் போகலாம். குடும்பத்தோட கொலுசு, சின்னச் சின்ன வெள்ளி சாமான் வியாபாரம்னா சேலம்.

தங்கத்துல இப்பவே எறங்காதீங்க. விலை ஒரு காரணம். இன்னொண்ணு, கடை வச்சு விக்கணும்னா 2 கிராமுக்கு மேல இருக்கற தங்க நகைக்கு ஹால்மார்க், ஒவ்வொரு நகைக்கும் தனியா குடுக்கற ஆறு எழுத்து அடையாள எண்ணான ஹெச்யுஐடி எல்லாம் வரும். வருஷ வியாபாரம் 40 லட்சத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு விலக்கு இருக்குன்னாலும், தங்கம்னா வாங்கறவங்க முத்திரைய கேக்கத்தான் செய்வாங்க. வெள்ளிக்கும் 2025 செப்டம்பர்ல ஹெச்யுஐடி வந்துச்சு, அது விருப்பப்பட்டவங்களுக்குன்னு வந்தது. 925ன்னு சொல்லி விக்கறீங்கன்னா தகடு வாங்கின பில்லையாவது பத்திரமா வச்சுக்கோங்க, பொடியையும் சேத்து எடை போட்டா சுத்தம் கொஞ்சம் கொறையும்கறத வாங்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

பட்டறைக்கோ கிளாஸுக்கோ மொதல் தடவ போகும்போது செம்புக் கம்பில நீங்களே தட்டின ரெண்டு மூணு பொருளக் கைல எடுத்துட்டுப் போங்க. வெறுங்கையோட போய் ஆசைய மட்டும் சொன்னா ஆசாரி தலைய ஆட்டிட்டு வேலையப் பாப்பாரு. ஒரு வளைவ கைல குடுத்தா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இங்க ஏம்மா இப்படித் தட்டியிருக்க"ன்னு கேப்பாரு, பாடம் அங்கயே ஆரம்பிச்சுடும். கிளாஸ் நடத்தறவங்ககிட்ட கேக்க வேண்டியது இது: கடைசி ஒட்டுக்கு நெருப்ப யாரு பிடிப்பாங்க, நானா நீங்களா? "நீங்கதான், நான் பக்கத்துல நிப்பேன்"னு சொன்னா அட்வான்ஸ் குடுங்க.